ஒரே மனிதர், இரண்டு படைப்பட்டியல்கள்: உள்நாட்டுப் போர்க்கால மூதாதையரின் சார்பை ஆராய்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் மனைவியின் எள்ளுத்தாத்தா டென்னசி மாநிலத்தின் கிழக்கே கிரீன் மாவட்டத்தில் வாழ்ந்த ஒரு விவசாயி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 நவம்பரில், அவர் நாட்டிலிருந்து பிரிந்துசென்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் காலாட்படையில் சேர்ந்ததாக ஓர் அட்டை கிடைத்திருக்கிறது. 1863 மே மாதம் மிசிசிப்பியில் பிடிபட்டதாக மற்றோர் அட்டை சொல்கிறது. அதன்பின் பல மாதங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. 1864-இல் அதே பெயர், கூட்டமைப்பை எதிர்த்துப் போரிட்ட லிங்கனின் அமெரிக்க ஒன்றிய அரசின் படைப்பட்டியலில் இருக்கிறது. மனைவியின் குடும்பத்தில் ஒரு கிளை “அவர் என்றும் லிங்கனின் பக்கம்தான்” என்கிறது. மற்றொரு கிளை “படையை விட்டு ஓடியவர்” என்கிறது. கல்லறைக் கல்லோ கூட்டமைப்பு வீரர்களுக்கு வைக்கப்படும் கூர்முனைக் கல்லாக இருக்கிறது. பள்ளிக்காகக் குடும்ப வரலாறு எழுதும் உங்கள் மகள், அவர் உண்மையில் எந்தப் பக்கம் என்று கேட்கிறாள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் படைக்கோப்புகளையும் ஓய்வூதியக் கோப்புகளையும் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு தாளிலும் உள்ள தகவல், ஏதோ ஓர் அதிகாரத்தின் முன் அந்த மனிதர் நின்ற நாளில் முதலில் எழுதப்பட்டது. அந்த அதிகாரம் எது, அன்று அந்த ஊர் யார் கையில் இருந்தது, அந்தத் தாளில் எழுதப்பட்ட பதிலால் அவருக்குக் கிடைத்தது என்ன, தப்பியது என்ன என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் தாளை மட்டும் படித்தால், இரண்டு கிளைகளில் எது சொல்வதையும் நிரூபித்துவிடலாம். ஆகவே “எந்தப் பக்கம்?” என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்து, “எந்தத் தேதியில், யார் முன்னிலையில், என்ன சொன்னார்?” என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு டென்னசியில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1861 ஜூன் 8 அன்று பிரிவினை குறித்து டென்னசியில் வாக்கெடுப்பு நடந்தபோது மாநிலம் முழுவதும் பார்த்தால் பிரிவினைக்கே பெரும்பான்மை கிடைத்தது. ஆனால் மலைகளும் சிறு பண்ணைகளும் நிறைந்த கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 33,000 பேர் எதிராகவும் 15,000 பேர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். அதாவது இரண்டுக்கு ஒன்றுக்கும் மேலான விகிதத்தில் பிரிவினையை மறுத்தார்கள். அதே மாதம் கிரீன் மாவட்டத்தின் தலைமை ஊரான கிரீன்வில்லில் கூடிய மாநாடு, கிழக்குப் பகுதியைத் தனி மாநிலமாக்க அனுமதிக்குமாறு சட்டமன்றத்திடம் விண்ணப்பித்தது, அது ஏற்கப்படவில்லை. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜான்சனின் ஊரும் இதுவே. பிரிந்து சென்ற மாநிலங்களின் செனட்டர்களில் தம் இருக்கையை விட்டு எழாதவர் அவர் ஒருவர்தான். இன்றும் கிரீன்வில் நீதிமன்ற வளாகத்தில் ஒன்றிய வீரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னமும், அவ்வூரிலேயே 1864 செப்டம்பரில் கொல்லப்பட்ட கூட்டமைப்புத் தளபதி ஜான் ஹன்ட் மார்கனுக்கு ஒரு நினைவுச்சின்னமும் நிற்கின்றன. மகளை அங்கே அழைத்துச் செல்ல முடிந்தால் அவசியம் செல்லுங்கள். குடும்பத்தின் இரண்டு கிளைகளும் சொல்வது ஏன் இரண்டாக இருக்கிறது என்பது அந்தப் புல்வெளியில் நின்றால் விளங்கும்.

வாக்களித்ததோடு அது முடிந்துவிடவில்லை. 1861 நவம்பர் 8 இரவில் ஒன்றிய ஆதரவாளர்கள் கிழக்கு டென்னசி வழியாகச் சென்ற இரயில் பாதையின் பல பாலங்களுக்குத் தீ வைத்தார்கள். கென்டக்கியிலிருந்து ஒன்றியப் படை உடனே வந்துவிடும் என்று நம்பி அவர்கள் இதைச் செய்தார்கள், படை வரவில்லை. கூட்டமைப்பின் போர்ச் செயலர் ஜூடா பெஞ்சமின், பாலம் எரித்தவர்களை உடனடி இராணுவ விசாரணையில் தண்டித்துத் தூக்கிலிடவும், உடல்களை எரிந்த பாலங்களின் அருகே தொங்கவிடவும் உத்தரவிட்டார். ஐவர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஹென்றி ஃப்ரை, ஜேக்கப் ஹென்சி ஆகிய இருவரும் கிரீன்வில்லிலேயே இரயில் பாதையோரம் தூக்கிலிடப்பட்டார்கள். கிழக்கு டென்னசியின் முக்கிய நகரான நாக்ஸ்வில்லில் தூக்கிலிடப்பட்ட கிறிஸ்டஃபர் ஹான் கிரீன் மாவட்டத்துக் குயவர். அவர் வனைந்த மட்பாண்டங்களை இன்று அருங்காட்சியகங்கள் தேடி வாங்குகின்றன. உங்கள் மனைவியின் மூதாதையர் அப்போது இருபது வயது இளைஞர் என்றால், இது அவர் காதால் கேட்ட செய்தி மட்டுமாக இருந்திருக்காது. அவருடைய ஊர்ச் சாலையில் கண்ட காட்சியாகவும் இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டு அவர் கையெழுத்திட்ட படைச் சேர்ப்புத் தாளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

1862 ஏப்ரல் 16 அன்று கூட்டமைப்பு, 18 முதல் 35 வயது வரையிலான வெள்ளையின ஆண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டத்தை நிறைவேற்றியது. செப்டம்பரில் மேல்வரம்பு 45 ஆயிற்று. 1864 பிப்ரவரியில் 17 முதல் 50 வரை என்று விரிந்தது. கிழக்கு டென்னசியின் எதிர்ப்பு மனநிலையைக் கருதி அங்கே தொடக்கத்தில் தளர்வாக இருந்த இச்சட்டம், 1862 இலையுதிர் காலத்தில் கடுமையாகச் செயல்படுத்தப்பட்டது. அப்போது ஒரு மலைநாட்டு இளைஞனுக்கு மூன்று வழிகள் இருந்தன. வழிகாட்டிகளின் துணையோடு இரவோடு இரவாகக் கம்பர்லாந்து மலைகளைத் தாண்டிக் கென்டக்கிக்குப் போய் ஒன்றியப் படையில் சேரலாம். பல்லாயிரம் பேர் அப்படிப் போனார்கள், வழியில் பிடிபட்டவர்களும் சுடப்பட்டவர்களும் உண்டு. காட்டில் ஒளிந்துகொண்டு வீட்டிலிருந்து வரும் உணவை நம்பி வாழலாம். அல்லது, கட்டாயத்தில் இழுத்துச் செல்லப்படுவதற்கு முன், தெரிந்த முகங்கள் இருக்கும் உள்ளூர்ப் படைப்பிரிவில் “தன்னார்வத்துடன்” பெயர் கொடுத்துவிடலாம். கிழக்கு டென்னசியில் அந்த மாதங்களில் திரட்டப்பட்ட 60, 61, 62-ஆம் எண் காலாட்படைப் பிரிவுகளில் மூன்றாம் வழியை எடுத்தவர்கள் நிறையவே இருந்தார்கள். எனவே உங்கள் அட்டையில் “தன்னார்வலர்” என்று இருந்தால் அது சட்டச் சொல் என்று மட்டும் கொள்ளுங்கள். அதே நேரம், அவர் மனமுவந்து சேரவில்லை என்றும் அந்த அட்டையை வைத்துச் சொல்லிவிட முடியாது. கிரீன் மாவட்டத்திலும் பிரிவினைக்கு வாக்களித்தவர்கள் இருந்தார்கள்.

இனி அந்த அட்டைகளைப் பற்றி. நீங்கள் பார்த்தது போர்க்காலத்தில் எழுதப்பட்ட தாள் அல்ல. பல பத்தாண்டுகள் கழித்து வாஷிங்டனில் போர்த் துறையின் எழுத்தர்கள், பழைய ஆள்கணக்குப் பட்டியல்கள், மருத்துவமனைப் பதிவேடுகள், கைதிப் பட்டியல்கள் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு பெயரையும் தனித்தனி அட்டையில் படியெடுத்து, ஒரே ஆளுடையவை என்று தாங்கள் கருதியவற்றை ஓர் உறையில் போட்டார்கள். ஓய்வூதிய விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை அது. கூட்டமைப்பு வீரர்களின் அட்டைகள் 1903-க்குப் பிறகே தயாரிக்கப்பட்டன. ஆகவே ஒரே மனிதர் எழுத்துப்பிழையால் இரண்டு உறைகளில் பிரிந்து கிடக்கலாம். இரண்டு மனிதர்கள் ஒரே உறையில் கலந்தும் கிடக்கலாம். மேலும் டென்னசியில் இரு தரப்புக்கும் “முதலாம் டென்னசிக் காலாட்படை” இருந்தது, இரு தரப்புக்கும் “முதலாம் டென்னசிக் குதிரைப்படை”யும் இருந்தது. எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தரப்பைத் தீர்மானித்து ஏமாந்தவர்கள் பலர். உங்கள் இரண்டு அட்டைகளும் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா என்பதைத்தான் நீங்கள் முதலில் உறுதிசெய்ய வேண்டும். வயது, பிறந்த இடம், உயரம், கண்ணின் நிறம், தொழில், கையெழுத்து அல்லது கைக்குறி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். உடலடையாள விவரம் ஒன்றியப் படையின் சேர்ப்புத் தாளிலும் போர்க்கைதியின் உறுதிமொழித் தாளிலும் பெரும்பாலும் இருக்கும். 1860 கணக்கெடுப்பில் அதே மாவட்டத்தில் அதே பெயரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கும், சித்தப்பன் பெயரை அண்ணன் மகனுக்கும் வைக்கும் வழக்கம் அந்த மலைகளிலும் உண்டு. ஒரே மாவட்டத்தில் ஒரே பெயருடைய பங்காளிகள் நான்கைந்து பேர் இருப்பது சாதாரணம். இரண்டு தரப்பிலும் சண்டையிட்ட ஒரு மனிதரைத் தேடப் போய், இரு தரப்பிலும் நின்ற பெரியப்பன் மகனும் சித்தப்பன் மகனும் கிடைத்த குடும்பங்களை நான் அறிவேன்.

ஒரே ஆள்தான் என்று உறுதியானால், 1863 மே முதல் 1864 வரையான இடைவெளிக்கு வாருங்கள். 1863 மே 17 அன்று மிசிசிப்பியின் பிக் பிளாக் ஆற்றுப் பாலத்தருகே நடந்த சண்டையில், கிழக்கு டென்னசிப் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் பெருமளவில் பிடிபட்டார்கள். அப்பிரிவுகளில் எஞ்சியவர்கள் விக்ஸ்பர்க் கோட்டைக்குள் ஒதுங்கி, ஜூலை 4 அன்று அங்கே ஏறத்தாழ 29,000 பேர் சரணடைந்தபோது அவர்களோடு சரணடைந்தார்கள். பாலத்தருகே பிடிபட்டவர்கள் வடக்கே கைதி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். விக்ஸ்பர்க்கில் சரணடைந்தவர்களில் பெரும்பாலோர், கைதிப் பரிமாற்றம் முடியும்வரை ஆயுதம் ஏந்துவதில்லை என்ற பரோல் உறுதியின் பேரில் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். அந்தச் செப்டம்பரில் தளபதி பர்ன்சைடின் ஒன்றியப் படை நாக்ஸ்வில்லுக்குள் நுழைந்தது. ஆகவே வீடு திரும்பிய ஒருவர், தம் ஊர் ஒன்றியப் படையின் கைக்கு வந்ததைப் பார்த்துவிட்டு நாக்ஸ்வில்லில் போய்ச் சேர்ந்திருக்கலாம். கைதி முகாமிலேயே ஒன்றிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்து விடுதலையாகியிருக்கலாம். அல்லது முகாமிலிருந்தே ஒன்றியப் படையில் சேர்ந்திருக்கலாம். அப்படிச் சேர்ந்தவர்களைத் துத்தநாகம் பூசிய இரும்புக்கு ஒப்பிட்டு “கால்வனைஸ்டு யாங்கி” என்று அழைத்தார்கள். ஏறத்தாழ 6,000 பேர் இவ்வாறு அமெரிக்கத் தன்னார்வலர் காலாட்படையின் ஆறு பிரிவுகளில் சேர்ந்தார்கள். பழைய தோழர்கள்மீதே சுட நேராதபடி, அவர்களில் மிகுதியானவர்கள் மேற்கு எல்லைப்புறக் கோட்டைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். உங்கள் அட்டையில் 1864-இல் சேர்ந்த இடம் மேரிலாந்தின் பாயின்ட் லுக்கவுட் என்றோ இல்லினாயின் ராக் ஐலண்ட் என்றோ இருந்தால் இந்த வழிதான். நாக்ஸ்வில் என்றோ கிரீன்வில் என்றோ இருந்தால் வேறு வழி. சேர்ந்த இடத்தின் பெயர் என்ற அந்த ஒரு சொல்லே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூட்டமைப்பின் பார்வையில், அவர்களுடைய படையிலிருந்து போய் ஒன்றியச் சீருடை அணிந்தவர் பிடிபட்டால் அவர் போர்க்கைதி அல்லர், படையை விட்டு ஓடியவர். அதற்குத் தண்டனை மரணம். 1864 பிப்ரவரியில் வட கரோலினாவின் கின்ஸ்டனில், அப்படிப் பிடிபட்ட 22 பேரைத் தளபதி பிக்கெட்டின் ஆணைப்படி தூக்கிலிட்டார்கள். இந்த அச்சத்தால் பலர் ஒன்றியப் படையில் மாற்றுப் பெயரில் சேர்ந்தார்கள். ஓய்வூதியப் பெயர்ப்பட்டியலில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே பதிவாகியிருக்கும் நேர்வுகள் உண்டு. தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அடுத்துப் பணம் செலவழித்து வரவழைப்பது ஓய்வூதியக் கோப்பைத்தான். ஒன்றிய அரசு 1862 ஜூலை 14 சட்டத்தின்கீழ்ப் போரில் ஊனமுற்றவர்களுக்கும் கைம்பெண்களுக்கும் ஓய்வூதியம் தந்தது. 1890 ஜூன் 27 சட்டம் இதை விரித்து, குறைந்தது 90 நாள் பணியாற்றி உடலுழைப்புக்கு இயலாத நிலையில் இருந்தவர்களுக்கும் வழங்கியது. இயலாமைக்குப் போர் காரணமாக இருக்க வேண்டிய தேவை இல்லாமற்போனது. பெயர்ப்பட்டியல் இணையத்தில் இருக்கிறது. முழுக்கோப்புகளில் பெரும்பகுதி வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தாளாகவே இருக்கிறது, கட்டணம் செலுத்திப் படி கேட்கலாம். கிளர்ச்சிக்குத் தாமாக விரும்பி உதவியவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. ஆகவே விண்ணப்பம் வந்ததும் அலுவலகம், இந்தப் பெயர் கூட்டமைப்பின் பட்டியலில் உண்டா என்று போர்த் துறையைக் கேட்கும். உண்டு என்று பதில் வந்தால், விண்ணப்பித்தவர் தாம் கட்டாயத்தால் சேர்க்கப்பட்டதை நிறுவ வேண்டும். அக்கம்பக்கத்தார், பழைய தோழர்கள், சிலவேளை அவரைச் சேர்த்த அதிகாரியே கூடச் சத்தியக்கூற்று அளித்திருப்பார்கள். சிறப்பு விசாரணை அதிகாரி ஊருக்கே வந்து வாக்குமூலம் எடுத்த கோப்புகள் நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும். 1862-இல் அந்த வீட்டு வாசலில் நடந்தது என்ன என்பதை அவர் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு வேறெங்கும் இவ்வளவு இல்லை. ஆயினும் அந்த வாக்குமூலத்தின் மறுமுனையில் மாதந்தோறும் வரக்கூடிய சில டாலர்கள் இருந்தன என்பதையும், முதிய உடலுக்கு அந்தப் பணம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள். “என்னைத் துப்பாக்கி முனையில் கொண்டுபோனார்கள்” என்று அவர் சொன்னால், அது உண்மையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அவர் சொல்லியாக வேண்டிய ஒரே பதிலும் அதுதான். சாட்சி சொன்னவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு அவர்களுடைய கோப்புகளையும் பாருங்கள். பத்துப் பேர் ஒரே நாளில் ஒரே மாதிரி பிடித்துச் செல்லப்பட்டதைத் தனித்தனியே சொல்லியிருந்தால் அதற்கு எடை உண்டு.

கூட்டமைப்பு வீரர்களுக்குக் கூட்டாட்சி அரசின், அதாவது வாஷிங்டன் அரசின், ஓய்வூதியம் இல்லை. மாநிலங்களே கொடுத்தன, டென்னசி 1891-இல் தொடங்கியது. போரிட்ட மாநிலத்தில் அல்ல, முதுமையில் குடியிருந்த மாநிலத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவர் பின்னாளில் டெக்சாசுக்கோ ஜார்ஜியாவுக்கோ குடிபெயர்ந்திருந்தால் அங்கே தேடுங்கள்.

உங்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் என் கணிப்பில் இந்தத் தேடலின் உயிர்நாடியான ஆவணத் தொகுதி ஒன்று உண்டு: தென்மாநில உரிமைகோரல் ஆணையத்தின் கோப்புகள். போர்க்காலத்தில் ஒன்றியப் படை எடுத்துக்கொண்ட குதிரை, சோளம், பன்றி, வேலிக்கட்டை ஆகியவற்றுக்கு, விசுவாசமாக இருந்த தென்னாட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க 1871 மார்ச் 3 அன்று காங்கிரஸ் இந்த மூவர் ஆணையத்தை அமைத்தது. 22,298 பேர் மொத்தம் 6 கோடி டாலர் கேட்டார்கள்; கொடுக்கப்பட்டது ஏறத்தாழ 46 இலட்சம் டாலர். மூன்றில் ஒரு பங்கினருக்கே ஏதோ ஒரு தொகை கிடைத்தது. காரணம், பொருள் எடுக்கப்பட்டதை நிறுவினால் மட்டும் போதாது. போரின் தொடக்கம் முதல் முடிவு வரை விசுவாசமாக இருந்ததையும் நிறுவ வேண்டும். அதற்காக நீண்ட கேள்விப் பட்டியல் ஒன்று வைத்திருந்தார்கள். பிரிவினை வாக்கெடுப்பில் எப்படி வாக்களித்தீர்கள்? கூட்டமைப்புக்கு எப்போதாவது உறுதிமொழி எடுத்தீர்களா? உறவினர் யாராவது கிளர்ச்சிப் படையில் இருந்தார்களா, அவர்களுக்கு உடையோ பணமோ குதிரையோ கொடுத்தீர்களா? ஒன்றியத்தை ஆதரித்ததற்காக யாராவது உங்களை மிரட்டினார்களா? படையில் இருந்த மகனுக்குக் காலுறை பின்னி அனுப்பிய தாய் அரசுக்கு விசுவாசமற்றவளா என்ற கேள்விக்கு வாஷிங்டனில் மூன்று பேர் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். அந்தக் கோப்புகளைப் படிக்கும்போது பலமுறை என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாமல் இருந்திருக்கிறது.

கிரீன் மாவட்டத்தில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. நாக்ஸ்வில் முற்றுகை தோற்றபின் கூட்டமைப்புத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் படை 1863–64 குளிர்காலத்தை மேல்கிழக்கு டென்னசியில் கழித்தது. ஒன்றியப் படையும் அதே பகுதியில் நடமாடியது. இரண்டு படைகளும் ஒரே களஞ்சியங்களிலிருந்துதான் உண்டன. உங்கள் மனைவியின் மூதாதையர் பெயரில் கோப்பு இல்லாவிட்டாலும், அவருடைய தந்தை, மாமனார், பக்கத்துப் பண்ணைக்காரர் ஆகியோரின் பெயர்களில் தேடுங்கள். ஏற்கப்பட்ட கோரிக்கைகளும் மறுக்கப்பட்டவையும் காப்பகத்தில் இரு வேறு தொகுதிகளில் இருக்கின்றன. ஒன்றில் இல்லை என்பதால் விட்டுவிடாதீர்கள். முன்னாள் அடிமைகள் கோரிக்கை வைத்த கோப்புகளும், எசமானருடைய விசுவாசம் பற்றி அவர்கள் சாட்சி சொன்ன கோப்புகளும் அங்கே உண்டு. அந்தச் சாட்சியத்தைக் கட்டாயம் படியுங்கள், வீட்டுக்குள் பேசப்பட்டதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

மற்ற மூலங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புரோவோஸ்ட் மார்ஷல் எனப்பட்ட இராணுவக் காவல் அதிகாரிகள் பொதுமக்களைப் பற்றி வைத்திருந்த தாள்களில் கைது, பயண அனுமதி, உறுதிமொழி எல்லாம் இருக்கும். கூட்டமைப்பிலிருந்து விலகி வந்தவர்கள் போர் முடியும்வரை ஒகையோ ஆற்றுக்கு வடக்கே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் விடுவிக்கப்பட்ட பதிவுகளும் உண்டு. 1865 மே 29 அன்று ஜான்சன் அறிவித்த பொதுமன்னிப்பிலிருந்து விலக்கப்பட்ட 14 வகையினர் தனியே மனுச் செய்ய வேண்டியிருந்தது. 20,000 டாலருக்கு மேல் சொத்துடையவர்கள் அதில் ஒரு வகை, சிறு விவசாயிக்கு அது பொருந்தாது. 1890 கணக்கெடுப்பு பெரும்பாலும் அழிந்துபோனாலும், ஒன்றியப் படையின் முன்னாள் வீரர்களையும் கைம்பெண்களையும் பற்றிய சிறப்புப் பட்டியல் டென்னசிக்குத் தப்பியிருக்கிறது. தவறுதலாக எழுதப்பட்ட கூட்டமைப்பு வீரர்களின் பெயர்கள் அதில் அடிக்கப்பட்டிருக்கும், ஆனால் படிக்க முடியும். 1910 கணக்கெடுப்பில் ஒருவர் எந்தப் படையில் இருந்தார் என்பதற்கே ஒரு கட்டம் உண்டு. அப்போது அவர் உயிரோடு இருந்தால், வீட்டு வாசலுக்கு வந்த கணக்கெடுப்பாளரிடம் தம்மை எந்தப் படையினராகச் சொல்லிக்கொண்டார் என்பதை அந்தக் கட்டம் காட்டும். இதே காலத்தில் டென்னசி மாநிலக் காப்பகம் முன்னாள் வீரர்களுக்கு ஒரு வினாத்தாள் அனுப்பியது. 1914–15-லும் 1920–22-லும் இரு தரப்பையும் சேர்ந்த ஏறத்தாழ 1,650 பேர் பதில் எழுதினார்கள். அவருடைய பதில் இல்லாவிட்டாலும், அவரோடு அதே படைப்பிரிவில் இருந்த ஒருவருடையது இருக்கக்கூடும்.

ஒன்றியத்தின் பக்கம் என்றால் அடிமை முறைக்கு எதிர் என்று மகள் எண்ணிவிடக் கூடாது. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆண்ட்ரூ ஜான்சனே அடிமைகளை வைத்திருந்தவர். ஒன்றியத்துக்காகச் சிறை சென்ற நாக்ஸ்வில் இதழாசிரியர் வில்லியம் பிரவுன்லோ போருக்கு முன் அடிமை முறையை மேடையேறி ஆதரித்தவர். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட அடிமைகள் விடுதலைப் பிரகடனம் டென்னசியை உள்ளடக்கவில்லை. அப்படியிருந்தும் அதைக் கேட்டு மனம் கசந்து ஒன்றியத்திடமிருந்து விலகியவர்கள் கிழக்கு டென்னசியில் இருந்தார்கள். 1860-இன் அடிமைகள் பட்டியலில் அந்தக் குடும்பத்தின் பெயரைத் தேடுங்கள். இருந்தால், உரிமையாளர் பெயரின் கீழே வயது, பாலினம், நிறம் போன்றவை மட்டும் குறிக்கப்பட்டு, பெயர் எழுதப்படாத மனிதர்கள் இருப்பார்கள். அவர்களையும் குடும்ப வரலாற்றில் எழுத வேண்டும். போரில் அவர்கள் எந்தப் பக்கம் என்பதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. டென்னசியிலிருந்து ஏறத்தாழ 20,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள்.

“ஓடியவர்” என்று ஒரு கிளை சொல்வதற்கும் தாளில் ஆதாரம் இருக்கலாம். ஆள்கணக்கு எடுக்கும் நாளில் வரிசையில் இல்லாதவரை அப்படி எழுதிவிடுவது எழுத்தரின் வழக்கம். பரோலில் வீடு வந்தவர் குறித்த நாளில் மீண்டும் முகாமுக்குப் போகாவிட்டாலும், நோயுற்று வழியில் கிடந்தாலும், விதைப்புக்கு வந்து இரண்டு வாரம் தாமதித்தாலும் ஒரே சொல்தான். இந்தச் சொல்லைத் தேதியோடு சேர்த்துப் படிப்பதற்காகவே ஒரு நீளத் தாளை எடுத்து ஐந்து நெடுவரிசை போடச் சொல்கிறேன்: தேதி, அன்று கிரீன் மாவட்டம் யார் வசம், தாளை எழுதியவர் யார், எதற்காக, அதில் இருப்பது என்ன. 1861 வாக்கெடுப்பிலிருந்து தொடங்கி, கல்லறைவரை நிரப்புங்கள். நிரம்பாத கட்டங்களை வெறுமையாகவே விடுங்கள். மகள் பள்ளிக்கு அந்தத் தாளையே கொண்டுபோகலாம். “எள்ளுத்தாத்தா இரண்டு படைகளிலும் இருந்தார், முதல் படையில் சேர்ந்த ஆண்டில் ஊர் இப்படி இருந்தது, இரண்டாம் படையில் சேர்ந்த ஆண்டில் இப்படி இருந்தது” என்று அவளால் ஆதாரத்தோடு சொல்ல முடியும். இரு கிளைகளிலும் உள்ள பெரியவர்களிடம் அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் பதிவுசெய்துகொள்ளவும் சொல்லுங்கள். யார், யாரிடம் கேட்டார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கடைசியாகக் கல்லறைக் கல். கூர்முனைக் கல் கூட்டமைப்பு வீரருக்கும், வளைந்த தலையும் கேடயக் குழிவும் உள்ள கல் ஒன்றிய வீரருக்கும் உரியவை. இரண்டையும் தந்தது ஒரே கூட்டாட்சி அரசுதான். ஆனால் தனியார் இடுகாட்டில் உள்ள கூட்டமைப்பு வீரர்களுக்கு அரசுக் கல் தர வழிசெய்த சட்டம் 1929-இல் தான் வந்தது. உங்கள் மனைவியின் எள்ளுத்தாத்தா அதற்கு முன்பே இறந்திருந்தால், அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தவர் அவர் அல்லர். விண்ணப்பித்தவர் மகனாகவோ பேரனாகவோ, ஊரில் இருந்த ஏதோ ஒரு சங்கத்தினராகவோ இருக்கலாம். 1925 முதல் வந்த கல் விண்ணப்பங்கள் படமெடுக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. அதில் வீரரின் படைப்பிரிவு, இறந்த நாள், இடுகாட்டின் பெயர் ஆகியவற்றோடு விண்ணப்பித்தவரின் கையெழுத்தும் இருக்கும். அந்தக் கையெழுத்து எந்தக் கிளையைச் சேர்ந்தவருடையது என்று உங்கள் மனைவியிடம் காட்டிக் கேளுங்கள்.